ஊசி அட்டை இருந்தால் நாய் விமானம் ஏறலாமா?

12 ஜனவரி 2025, ஹட்டன்
டைகருக்கு 4 வயது, அல்சேஷன் கலப்பு, 27 கிலோ. ஒக்டோபர்ல தோட்டத்துல நடந்த முகாம்ல விசர்நாய் தடுப்பூசி போட்டாச்சு, அட்டை கையில இருக்கு. மகள் ஜெர்மனியில. மார்ச் கடைசியில நாங்க போறப்ப இவனையும் கொண்டு போகணும். ஊசி போட்டு 21 நாள் கழிஞ்சா போதும்னு சொல்றாங்க. அப்ப தோலுக்கடியில வைக்கிற அடையாளச் சிப் மட்டும் வச்சா சரிதானே?

12 ஜனவரி 2025, கண்டி
மார்ச்சில் முடியாது, அக்கா. டிக்கெட் எடுக்கும் முன் கேட்டது நல்லதாகப் போயிற்று.

பிழை ஊசியில் இல்லை, வரிசையில். முதலில் சிப், பிறகு ஊசி. இரண்டும் ஒரே நாளில் நடந்தால் சரி. சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்பதற்கு அத்தாட்சி கிடையாது. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் அதைக் கணக்கில் எடுக்காது. ஒக்டோபர் ஊசி டைகரைக் காக்கும், ஆனால் கடதாசியில் செல்லாது. சிப் வைத்துவிட்டு மறுபடி போடத்தான் வேண்டும்.

அந்த 21 நாள் கணக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் உள்ள நாடுகளுக்கு. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு இரத்தப் பரிசோதனையும் உண்டு: ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலீட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்த பிறகுதான் பயணம். எல்லாம் ஒரே தடவையில் சரியாக வந்தாலும் நாலு மாதத்துக்கு மேல் போகும். ஆறு மாதம் என்று மனதில் வையுங்கள்.

12 ஜனவரி 2025, பதுளை
மூன்று மாதம் முடிவு வந்த நாளிலிருந்து இல்லையா? எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

13 ஜனவரி 2025, கண்டி
இல்லை தம்பி, இரத்தம் எடுத்த நாளிலிருந்து. முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆனாலும் அந்த நாட்களும் மூன்று மாதத்துக்குள் அடங்கும். பாரத்தில் இரத்தம் எடுத்த திகதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்த திகதி மட்டும் இருந்தால் பிறகு வாக்குவாதம்தான்.

13 ஜனவரி 2025, கண்டி
சிப் பற்றி. ஐஎஸ்ஓ 11784, 11785 தரம், 15 இலக்கம், 134.2 கிலோஹேர்ட்ஸில் வாசிக்கப்படுவது. முதல் மூன்று இலக்கம் 900 முதல் 998 வரை இருந்தால் உற்பத்தியாளர் குறியீடு. 144 என்றால் இலங்கைக்குரிய நாட்டுக் குறியீடு. இரண்டும் செல்லும். 9 அல்லது 10 இலக்கம் உள்ள பழைய வகை சிப் ஏற்கெனவே இருந்தால் அங்குள்ள கருவி அதை வாசிக்காமல் போகலாம். அப்போது வாசிக்கும் கருவியை நீங்களே கொண்டு போக வேண்டும், இல்லையேல் புதிதாக ஒன்று வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வைக்கும் முன் பொதியிலேயே ஒரு தடவை வாசியுங்கள். வைத்த பிறகு நாயின் தோளில் ஒரு தடவை. ஒட்டுத்தாள்களில் ஒன்றை ஊசிப் புத்தகத்தில் ஒட்டி, மற்றவற்றைப் பத்திரமாக வையுங்கள். இரத்தம் எடுக்கும் அன்றும், சான்றிதழ் எழுதும் அன்றும் மறுபடி வாசித்து இலக்கத்தை ஒப்பிட வேண்டும். 15 இலக்கத்தில் ஒன்று மாறி எழுதப்பட்டால் அது வேறு நாய். சிப் சில வேளை தோளிலிருந்து முன்னங்கால் பக்கம் நகர்ந்துவிடும். கழுத்துக்குப் பின்னால் மட்டும் பார்த்துவிட்டு "சிப் இல்லை" என்று சொல்ல விடாதீர்கள்.

14 ஜனவரி 2025, ஹட்டன்
முகாம் அட்டையில திகதியும் எங்க பேரும்தான் இருக்கு. புது ஊசிக்கு என்னென்ன எழுதணும்?

14 ஜனவரி 2025, கண்டி
சிப் இலக்கம், சிப் வைத்த திகதி, தடுப்பு மருந்தின் பெயர், தயாரித்த நிறுவனம், தொகுதி இலக்கம், போட்ட திகதி, எதுவரை செல்லும் என்ற திகதி, மிருக வைத்தியரின் கையொப்பம், பதிவு இலக்கம், முத்திரை. குப்பியில் இருக்கும் சிறு ஒட்டுத்தாளை உரித்து ஒட்டச் சொல்லுங்கள். கையால் எழுதிய தொகுதி இலக்கத்தில்தான் பிழை அதிகம்.

முகாமைக் குறை சொல்லவில்லை. லயத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் இலவசமாக ஊசி கிடைப்பதால்தான் பிள்ளைகள் தப்பிக்கிறார்கள். அது அந்த வேலைக்கான அட்டை, பயணத்துக்கானது அல்ல. அவ்வளவுதான்.

15 ஜனவரி 2025, கண்டி
முன்பு சொன்னதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். ஒரு ஊசி, 30 நாள், இரத்தம் என்று எழுதியிருந்தேன். சட்டப்படி அது போதும். ஆனால் ஒரே ஒரு ஊசியோடு பரிசோதனைக்குப் போகும் நாய்கள், அதுவும் இளம் நாய்கள், 0.5ஐத் தொடாமல் போவது உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் ஊசி விட்டுப்போன நாய்க்கும் இதே ஆபத்து. டைகருக்கு ஒக்டோபரில் போட்டது உடம்பில் இருப்பதால் அவனுக்குப் பயம் குறைவு. இருந்தாலும் நாலு வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் போட்டுவிட்டு, அதிலிருந்து 30 நாள் கடந்து இரத்தம் எடுப்பதையே சொல்வேன். நாலு வாரம் கூடுதலாகப் போகும். தோற்றால் போவது அதைவிட அதிகம்.

திகதியாகவே எழுதுகிறேன்:
சிப்பும் முதல் ஊசியும் 20 ஜனவரி.
இரண்டாவது ஊசி 17 பெப்ரவரி.
இரத்தம் 24 மார்ச். 35 நாள் ஆகிறது; ஐந்து நாள் கையிருப்பு.
பயணத்துக்கு ஆகக் கிட்டிய நாள் 24 ஜூன்.
ஜூலை நடுப்பகுதிக்கு டிக்கெட் பாருங்கள்.

2 பெப்ரவரி 2025, பண்டாரவளை
என் நாயின் இரத்தப் பரிசோதனை முடிவு 0.31. ஊசி ஒன்றுதான். இரத்தம் எடுத்தது நாலு மாதம் கழித்து. இனி என்ன?

2 பெப்ரவரி 2025, கண்டி
முதல் ஊசிக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தி ஏறி நாலு முதல் ஆறு வாரத்தில் உச்சத்துக்கு வரும், பிறகு இறங்கும். நாலு மாதம் கழித்து எடுத்ததால் இறங்கின பக்கத்தில் அகப்பட்டிருக்கிறது. நாய்க்கு நோயும் இல்லை, ஊசியும் வீண் இல்லை. இப்போது மறுபடி ஒரு ஊசி, 30 முதல் 40 நாளுக்குள் இரத்தம். மூன்று மாதம் அந்தப் புது இரத்தத்திலிருந்து. பழைய முடிவைச் சான்றிதழோடு இணைக்க வேண்டாம்.

இன்னொன்றும் கேளுங்கள்: மருந்து எந்தக் குளிரில் இருந்தது? தடுப்பு மருந்து 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் மேசை மேல் வைத்தாலும் கெடாது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே பகல் 20 பாகைக்குப் போகிறது. மலைக்குளிர் குளிர்சாதனப் பெட்டி ஆகாது.

19 மார்ச் 2025, ஹட்டன்
24ஆம் திகதி இரத்தம் எடுக்கணும். இங்கேயே எடுத்து, குழாயைப் பஸ்ல பேராதனைக்கு அனுப்பலாமா?

19 மார்ச் 2025, கண்டி
வேண்டாம். நாயைக் கொண்டு போங்கள், இரத்தத்தை அனுப்பாதீர்கள்.

ஆய்வுகூடம் கேட்பது முழு இரத்தம் அல்ல, பிரித்தெடுத்த சீரம். மருந்து கலக்காத சிவப்பு மூடிக் குழாயில் 4, 5 மில்லிலீட்டர் எடுத்து, அசையாமல் அரை மணி நேரத்துக்கு மேல் உறையவிட்டு, சுழல் இயந்திரத்தில் பிரித்து, மேலே நிற்கும் வைக்கோல் நிறத் தெளிநீரை மட்டும் வேறு குழாய்க்கு மாற்ற வேண்டும். 2 மில்லிலீட்டர் சீரம் இருந்தால் நிம்மதி. பிரிக்காத குழாய் கினிகத்தேன வளைவுகளில் குலுங்கிக்கொண்டு போனால் சிவப்பணு உடைந்து சீரம் சிவந்துவிடும். அதை ஆய்வுகூடம் திருப்பிவிடலாம். பிரிக்காத இரத்தத்தைப் பனிக்கட்டியாக உறையவைத்தாலும் இதே கதிதான். பிரித்த சீரத்தைக் குளிர்பெட்டியில் சில நாள் வைக்கலாம்.

சுழல் இயந்திரம் இருக்கும் இடத்தில்தான் இரத்தம் எடுக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா மருத்துவமனை நமக்குக் கிட்ட. முதலில் தொலைபேசியில் நாள் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ஆய்வுகூடம் என்பதையும் அதற்கு முன் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ரேபிஸ் (விசர்நாய் நோய்) ஆய்வுகூடம் பலர் அனுப்பும் இடம். அவர்களுடைய பாரத்தை முன்கூட்டியே எடுத்து நிரப்பி, சிப் இலக்கத்தைப் பாரத்திலும் குழாயிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

20 மார்ச் 2025, நுவரெலியா
நாங்கள் போவது ஜெர்மனி இல்லை. மற்ற நாடுகளுக்கும் இதே கணக்கா?

20 மார்ச் 2025, கண்டி
பிரித்தானியாவுக்கும் சிப், ஊசி, 30 நாள், இரத்தம், மூன்று மாதம் என்ற அதே வரிசைதான். கூடுதலாக நாடாப்புழு மருந்து: போய்ச் சேரும் நேரத்துக்கு 24 முதல் 120 மணி நேரம் முன்பு மிருக வைத்தியர் கையால் கொடுத்து, மணியோடு எழுத வேண்டும். பிராசிகுவான்டெல் உள்ள மாத்திரை. 23 மணி நேரமானாலும் பிழை, 121 ஆனாலும் பிழை. விமானம் தாமதமாகும் என்பதால் நடுவில், 60, 70 மணியில் கொடுப்பது பாதுகாப்பு. அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நோர்வே இவற்றுக்கும் இந்த மருந்து உண்டு. ஜெர்மனிக்கு இல்லை.

அமெரிக்காவில் 2024 ஓகஸ்ட் 1 முதல் புது விதி. நாய்க்குக் குறைந்தது ஆறு மாத வயது. இலங்கை அவர்களுடைய ரேபிஸ் அபாயப் பட்டியலில் இருப்பதால், இங்கே ஊசி போட்ட நாய்க்கு அரச மிருக வைத்தியர் ஒப்பமிட்ட அவர்களுடைய ஊசிப் படிவமும், இணையத்தில் நிரப்பும் இறக்குமதிப் படிவமும் வேண்டும். இறங்க விடுவது ஆறு விமான நிலையங்களில் மட்டும். அங்கே விலங்குப் பராமரிப்பு நிலையத்தில் இடம் முன்பதிவு செய்திருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவு இல்லாவிட்டால் 28 நாள் தனிமைப்படுத்தல்.

கனடா 2022 செப்டம்பர் 28 முதல் விற்பனைக்கும் தத்துக் கொடுக்கவும் அனுப்பும் நாய்களை நம் போன்ற நாடுகளிலிருந்து எடுப்பதில்லை. சொந்த நாயைச் சொந்தக்காரரே கொண்டு போவது வேறு வகை. அவுஸ்திரேலியா இலங்கையிலிருந்து நேரே எடுக்காது. அவர்கள் ஏற்றுக்கொண்ட வேறொரு நாட்டில் நாயை மாதக்கணக்கில் வைத்து, அங்கிருந்துதான் போக வேண்டும். வயதான நாயை அந்தச் சுற்றுக்கு ஆளாக்கும் முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். இங்கேயே அன்பான ஒரு வீட்டில் விட்டுப்போவது கைவிடுவது ஆகாது.

21 மார்ச் 2025, கண்டி
இனம் பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு. பிட்புல், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர், இவற்றின் கலப்புகள் ஜெர்மனிக்குள் நுழைய முடியாது. ரொட்வைலர் போகலாம், ஆனால் பவேரியா போன்ற மாநிலங்களில் தனி நிபந்தனை. டைகரின் கடதாசிகளில் "கலப்பு" என்று மட்டும் எழுதாமல் "ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு" (அல்சேஷனின் மறுபெயர்) என்று எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள்.

26 ஏப்ரல் 2025, ஹட்டன்
முடிவு வந்துருச்சு. 3.4! இப்ப விமானத்துல ஏத்துற கூடு வாங்கணும். அளவு எப்படி எடுக்கறது?

26 ஏப்ரல் 2025, கண்டி
மகிழ்ச்சி, அக்கா.

நாயை நேராக நிற்க வைத்து நாலு அளவு. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம். நிலத்திலிருந்து முன்னங்கால் முழங்கை வரை உயரம். தோளின் அகலம். நிலத்திலிருந்து தலை உச்சி வரை உயரம்.
கூட்டின் உள்நீளம்: உடல் நீளத்தோடு முழங்கை உயரத்தில் பாதி. அகலம்: தோள் அகலத்தின் இரு மடங்கு. உயரம்: நின்ற உயரத்தோடு படுக்கையின் தடிப்பு.
நீளம் 84, முழங்கை 36, தோள் 23, தலை 64 சென்றிமீற்றர் என்றால், நீளம் 102, அகலம் 46, உயரம் 64க்கு மேல் படுக்கை 3 சேர்த்து 67.

26 ஏப்ரல் 2025, கண்டி
திருத்தம். தலை உச்சி என்று எழுதினேன். அல்சேஷன் கலப்புக்குக் காது நிமிர்ந்து நிற்கும், எது உயரமோ அதைத்தான் எடுக்க வேண்டும். காது நுனி 71 என்றால் கூடு 74. இந்த 7 சென்றிமீற்றரில் விமான நிலையத்தில் நாயைத் திருப்பிவிடுவார்கள். பக், பொக்ஸர் மாதிரி மூக்குச் சப்பையான நாய்களுக்கு எல்லா அளவிலும் 10 சதவீதம் கூட்டுங்கள்.

30 ஏப்ரல் 2025, கண்டி
கூட்டைப் பற்றி இன்னும். நாலு பக்கமும் காற்றோட்டம் வேண்டும். மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் பிணைக்க இரும்பு ஆணியும் சுரையும். பிளாஸ்டிக் கவ்வி போதாது. சக்கரம் இருந்தால் கழற்றுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைக் கதவைத் திறக்காமல் வெளியிலிருந்து நிரப்ப முடிய வேண்டும். "உயிருள்ள விலங்கு" ஒட்டுத்தாள், மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறி. கழுத்துவாரை மேல்பக்கத்தில் ஒட்டி வையுங்கள், கழுத்தில் விடாதீர்கள். மழைக்காலத்தில் கூட்டை விறாந்தையில் போட்டு வைத்தால் ஆணி துருப்பிடிக்கும், படுக்கை பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்குள் வையுங்கள்.

வாங்கின அன்றே கதவைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டை அதற்குள் வையுங்கள். ஒரு வாரம். பிறகு கதவைப் போட்டு ஐந்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி. அழும்போது திறந்தால் அழுதால் திறக்கும் என்று படித்துக்கொள்ளும். ஓய்ந்த ஒரு நொடியில் திறங்கள். இரவு முழுதும் அதற்குள் தூங்கும் அளவுக்கு வந்த பிறகு வேனில் வைத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு மாதம் பிடிக்கும் வேலை இது. கடைசி வாரத்தில் தொடங்கினால் நாய்க்குக் கூடு என்றால் சிறை என்றே ஆகிவிடும்.

8 மே 2025, பதுளை
தூக்க மருந்து கொடுத்துவிட்டால் இவ்வளவு பழக்க வேண்டியதில்லையே?

8 மே 2025, கண்டி
தயவுசெய்து கொடுக்காதீர்கள். மயக்கத்தில் இரத்த அழுத்தம் இறங்கும், உடல் வெப்பத்தைச் சமாளிக்கும் சக்தி குறையும், கூடு சரிந்தால் நாய் கால் ஊன்றி நிற்காது. பக்கத்தில் பார்க்க ஆளும் இல்லை. மயங்கிய நாயைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏற்றவும் மாட்டா. வாந்திக்கான மருந்து வேறு. மரோபிடன்ட் வாந்தியை நிறுத்தும், மயக்காது. மிருக வைத்தியரிடம் கேட்டு, ஒரு வேன் ஓட்டத்தில் கொடுத்துப் பாருங்கள்.

14 ஜூன் 2025, ஹட்டன்
டைகருக்கு இரண்டு நாளா மூக்குல இரத்தம். தேயிலை மலைக்குள்ள போய்ட்டு வந்தான். அட்டைப்பூச்சிதான். உப்புத் தண்ணி விடலாமா?

14 ஜூன் 2025, கண்டி
விடாதீர்கள். மூக்குச் சவ்வு வெந்துவிடும். அட்டையாக இருந்தால் மிருக வைத்தியர் இடுக்கியால் எடுப்பார்.

ஆனால் அட்டை என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி இரத்தத் தட்டுக்களைக் குறைத்து இதே மாதிரி மூக்கில் இரத்தம் வர வைக்கும். பபீசியா என்ற இன்னொரு கிருமி சிவப்பணுக்களை அழித்து ஈறை வெளுக்க வைக்கும். இரண்டும் நம் பக்கத்தில் உண்டு. எப்படியும் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு முழு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், இப்போதே செய்துவிடுங்கள். சிவப்பணுக் கன அளவு (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 37 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காரணம் தெரியும் வரை ஏற்ற வேண்டாம். மூக்கில் இரத்தத்தோடு வரும் நாய்க்கு எந்த அதிகாரியும் ஒப்பமிட மாட்டார்.

16 ஜூன் 2025, ஹட்டன்
அட்டையேதான், எடுத்தாச்சு. சிவப்பணு 44. டிக்கெட் ஜூலை 16.

17 ஜூன் 2025, கண்டி
அப்பாடா. மலைக்குள் அவிழ்த்துவிட வேண்டாம், இனி வாருடன் ரோட்டில் மட்டும் நடக்கட்டும்.

சான்றிதழ் கணக்கு: ஐரோப்பிய ஒன்றியத்துக்கான சுகாதாரச் சான்றிதழை அரச மிருக வைத்தியர் ஒப்பமிட்ட நாளிலிருந்து 10 நாளுக்குள் அங்கே பரிசோதனை முடிய வேண்டும். ஜெர்மன் மொழியும் ஆங்கிலமும் சேர்ந்த படிவம். பொறுப்பு கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் விலங்குத் தடுப்புக்காப்புப் பிரிவு. ஜூலை 10 போயா விடுமுறை, வியாழன். 12, 13 சனி, ஞாயிறு. ஆகவே உங்கள் மிருக வைத்தியரின் உடல்நலச் சான்று 8 அல்லது 9, திணைக்கள ஒப்பம் 11 வெள்ளி. பிழை கண்டால் திருத்த 14 திங்கள் மிச்சம். நாள் முன்பே கேட்டு வையுங்கள்.

கோப்பில்: ஊசிப் புத்தகம், பரிசோதனை முடிவின் உறுதிப்படுத்திய பிரதி, சொந்தக்காரர் உறுதிமொழி, கடவுச்சீட்டுப் பிரதி. எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. நீங்கள் போகும் நாளுக்கும் நாய் போகும் நாளுக்கும் இடையில் ஐந்து நாளுக்கு மேல் இருக்கக் கூடாது.

5 ஜூலை 2025, கண்டி
கடைசி நாட்கள். தென்மேல் பருவமழை நேரம். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் கினிகத்தேன வழியோ கடுகண்ணாவ வழியோ எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. அன்றைக்கே புறப்படும் திட்டம் வேண்டாம். இரண்டு நாள் முன்பே இறங்கி நீர்கொழும்புப் பக்கம் நாயை அனுமதிக்கும் இடத்தில் தங்குங்கள்.

இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஹட்டன் குளிரில் வளர்ந்த அடர்ந்த ரோமத்து நாய்க்குக் கட்டுநாயக்கவின் 30 பாகைப் புழுக்கம் பெரிய அடி. இரவில் இறக்குங்கள். ரோமத்தை மழிக்காதீர்கள், உள்ரோமத்தைச் சீவி எடுத்தால் போதும். மூச்சு வேகமாகி நாக்கு கருஞ்சிவப்பாக மாறினால் நிழலில் படுக்க வைத்து, உடம்பை சாதாரண தண்ணீரால் நனைத்து, விசிறுங்கள்.

விமானத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு சிறு சாப்பாடு, அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். கிண்ணத்துத் தண்ணீரை முதல் நாள் இரவே உறையவைத்து மாட்டினால் ஏற்றும்போது சிந்தாது, வழியில் மெல்ல உருகும். படுக்கையில் உங்கள் வாசம் உள்ள பழைய சேலைத் துண்டு ஒன்று.

19 ஜூலை 2025, ஹட்டன் (ஜெர்மனியிலிருந்து)
ஃபிராங்பேர்ட்ல சிப்பை வாசிச்சாங்க, கடதாசி பார்த்தாங்க, முடிஞ்சுது. பனிக்கட்டி பாதிதான் உருகியிருந்துச்சு. இப்ப மகளோட கட்டிலுக்குக் கீழ தூங்குறான்.

19 ஜூலை 2025, கண்டி
நல்ல செய்தி. சிப் இலக்கத்தை அங்கே டாசோ என்ற செல்லப்பிராணிப் பதிவகத்தில் பதியுங்கள், இலவசம். நகரசபையில் நாய் வரிக்கும் பதிய வேண்டும். அடுத்த ரேபிஸ் ஊசி 2026 பெப்ரவரி 17க்கு முன்பு, ஜனவரியிலேயே போட்டுவிடுங்கள். ஒரு நாள் தாண்டினாலும் அந்த 3.4 செல்லாமல் போய்விடும்.